அரசறிவியலா, சர்வதேச உறவுகளா? வன்னிப் பெற்றோருக்காக ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வெளியானால் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு மாதத்துக்கு ஆள் வரவு குறையாது. கிளிநொச்சி மாவட்டத்தில் பாடசாலைக் கட்டடத்திலும், இடம்பெயர்ந்த நாட்களில் மரத்தடியிலுமாக அரசறிவியல் படிப்பித்தவள் நான். இளைப்பாறிய பின்னும் கலைப்பிரிவுப் பிள்ளைகள் தேடி வருகிறார்கள். இம்முறை வந்தவர்களில் பலர் கேட்டது ஒரே கேள்வி: "ரீச்சர், அரசறிவியல் எடுப்பதா, சர்வதேச உறவுகள் எடுப்பதா?"

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒருவர் தம் மகளுடன் வந்திருந்தார். அந்தப் பிள்ளையின் கையில் கொழும்புத் தனியார் நிறுவனமொன்றின் துண்டுப்பிரசுரம். நாலாக மடித்து விரித்து, மடித்து விரித்து, மடிப்பெல்லாம் கிழியத் தொடங்கியிருந்தது. வரிசையாக நாட்டுக் கொடிகள்; கீழே, சர்வதேச உறவுகள் படித்தால் தூதரகங்களில் வேலை என்ற வாசகம். கட்டணம் அதில் இல்லை. தகப்பன் தொலைபேசியில் கேட்டு அறிந்திருக்கிறார். இரண்டு போக நெல்லும் காணாத தொகை. வயலில் ஒரு பகுதியை விற்கலாமா என்று கேட்கத்தான் என்னிடம் வந்தார்.

இந்தப் பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது, அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று கேட்டேன். பிரசுரத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தோம். ஒன்றுமே இல்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

வெளிநாட்டுச் சேவைக்கு ஆள் எடுப்பது போட்டிப் பரீட்சை வைத்து. சர்வதேச உறவுகள் படித்தவருக்கு மட்டும் திறக்கும் கதவு அங்கே கிடையாது. நிர்வாக சேவைக்கும் அப்படித்தான். எங்கள் பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கும் பட்டதாரிகளைக் கேளுங்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு துறை சொல்வார்கள். வேலையை வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் உண்டு. அரசறிவியல் உயர்தரப் பாடம், ஆகவே ஆசிரியர் நியமனத்துக்கு வழி இருக்கிறது. சர்வதேச உறவுகளுக்குப் பாடசாலையில் தனிப் பாடம் இல்லை.

இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. அரச பல்கலைக்கழகங்களில் பொதுவாக முதலில் கலைப்பீடத்துக்குத்தான் அனுமதி கிடைக்கும். முதல் வருடத்தில் சில பாடங்களைப் படித்து, அந்தப் பெறுபேற்றைக் கொண்டுதான் சிறப்புக் கற்கைக்குப் போவார்கள். யாழ்ப்பாணத்தில் அரசறிவியல் துறை இருக்கிறது. கொழும்பில் சர்வதேச உறவுகளுக்கெனத் தனித் துறையே இருக்கிறது. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானபோது அதில் கலைப்பீடம் இருக்கவில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் இருப்பவை பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம். ஆகவே இந்த இரண்டில் எதைப் படிப்பதென்றாலும் வன்னிப் பிள்ளை வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டும்.

சர்வதேச உறவுகளைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். முதலாம் உலகப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறை, இனி இப்படி நடவாமலிருக்க என்ன வழி என்று தேடியபோது தனித் துறையாக வளர்ந்த படிப்பு அது. 1919 இல் வேல்ஸின் அபரிஸ்ட்வித்தில் அதற்கென முதல் பேராசிரியர் பதவியை உண்டாக்கினார்கள். அந்தத் தேடலை வன்னிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2008 செப்ரெம்பரில் ஐ.நா. பணியாளர்களும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் கூடி நின்று, போகவேண்டாம் என்று மன்றாடியவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி படலைக் கம்பியைப் பிடித்தபடி, உள்ளே நின்ற வெள்ளைக்காரரிடம் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார். "போகாதை ராசா" என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வாகனங்கள் போய்விட்டன. 2012 நவம்பரில் வெளிவந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கை, போரின் இறுதிக் கட்டத்தில் மக்களைக் காக்கும் கடமையில் தமது அமைப்பே தவறியது என்று ஒப்புக்கொண்டது. அகராதியை அருகில் வைத்துக்கொண்டு அதை மூன்று தடவை படித்தேன். அதைச் சரியாக வாசித்துச் சொல்ல எங்கள் ஊரில் ஒரு பிள்ளை இல்லையே என்று அன்று அழுதேன்.

அப்படியிருந்தும் முதற் பட்டத்துக்கு அரசறிவியலையே சொல்கிறேன். 1987 யூலை 29 இல் இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் செய்தன. அதன் வழியே, மாகாண சபைகளை உண்டாக்கிய அரசியல் யாப்பின் 13ஆவது திருத்தம் வந்தது. ஒப்பந்தம் ஏன் வந்தது என்பதைச் சர்வதேச உறவுகள் சொல்லித் தரும். காணி, பொலிஸ் அதிகாரம் இத்தனை வருடமாகியும் ஏன் மாகாணத்தின் கைக்கு வரவில்லை, 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்த பின் ஏன் ஆண்டுக்கணக்காகத் தேர்தலே இல்லை என்பதற்கெல்லாம் யாப்பும் கட்சியும் நிர்வாகமும் தெரிந்தால்தான் விடை காணலாம். முல்லைத்தீவுக் கடலில் இரவில் தெரியும் இந்திய இழுவைமடிப் படகுகளின் வெளிச்சமும் இப்படித்தான். இந்தியாவுடனான 1974, 1976 கடல் எல்லை உடன்படிக்கைகளைப் படித்தால் பாதி விளங்கும். 2017 இல் இங்கே இழுவைமடியைத் தடைசெய்த சட்டம் கடலில் ஏன் செல்லுபடியாகவில்லை என்பது மறுபாதி. அரசு என்றால் என்னவென்று அடிப்படையில் படித்தவர் முதுமாணியில் சர்வதேச உறவுகளுக்குப் போனால் தடுமாற மாட்டார்.

ஒரு விலக்கும் சொல்ல வேண்டும். பத்திரிகையை எடுத்ததும் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைத் தேடும், ஆங்கிலத்தில் தயங்காமல் படிக்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். பெண்பிள்ளை, கொழும்பு தூரம், விடுதி கிடைக்குமோ என்று சொல்லி மறிக்காதீர்கள். அந்தப் பிள்ளை கொழும்புக்கே போகட்டும்.

ஆசிரியர் அவர்களே, பெறுபேறு வரும் காலத்தில் தங்கள் பத்திரிகையிலும் கல்வி விளம்பரங்கள் நிறைய வருகின்றன. அதே வாரத்தில், எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறை, எந்த மொழியில், என்னென்ன பாடங்கள் என்பதை ஒரு பக்கத்தில் வெளியிட்டு உதவுங்கள். எங்கள் பிரதேச சபை நூலகத்தில் அதை ஒட்டிவைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். வயலை விற்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய அந்தத் தகப்பனிடமும் ஒரு பிரதி கொடுப்பேன்.

இங்ஙனம்,
இளைப்பாறிய ஆசிரியை,
பரந்தன்.