இங்குள்ள சேம்பர் பற்றி

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? அமெரிக்கப் புறநகர்களில் வணிகர் சங்கம் எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இங்கே அது 'சேம்பர் ஆஃப் காமர்ஸ்'. அரசு அலுவலகம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரான்சிலும் ஜெர்மனியிலும் தொழில் நடத்துகிறவர் சட்டப்படியே உறுப்பினர்; இங்கே விரும்பினால் சேரலாம், பிடிக்காவிட்டால் சந்தாவை நிறுத்தலாம். அதனால் சந்தா கேட்டு அலைவதே செயலாளருக்குப் பாதி வேலை.

நியூயார்க் வியாபாரிகள் 1768லேயே சேம்பர் தொடங்கிவிட்டார்கள். தேசிய சேம்பர் வந்தது 1912இல். ஊர்ச் சேம்பர்கள் அதன் கிளைகள் அல்ல, ஒவ்வொன்றும் தனி அமைப்பு.

புறநகர்கள் பெருகியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1944 சட்டம் படைவீரர்களின் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தந்தது. 1956 சட்டம் நாடு முழுக்க நெடுஞ்சாலை போட்டது. வயல்கள் வீட்டுமனைகளாயின. பல இடங்களில் நகராட்சிக்கு முன்பே கடைகள் வந்துவிட்டன. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் மனுக் கொடுக்கக் கடைக்காரர்கள்தான் போக வேண்டியிருந்தது. தனி நகராட்சி கேட்டுச் சேம்பரே முன்னின்று பிரசாரம் செய்த ஊர்களும் உண்டு.

ஊர் வளர்ந்ததும் சண்டை உள்ளேயே தொடங்கும். 1956இல் மின்னசோட்டாவின் ஈடைனாவில் முழுக்கக் கூரை போட்டுக் குளிரூட்டிய மால் திறந்தது; மற்ற ஊர்களும் அதைப் பின்பற்றின. சேம்பர் அந்த மாலுக்கு ஆதரவு தந்தால் பழைய கடைத்தெரு உறுப்பினர்கள் விலகுவார்கள். எதிர்த்தால் வரி வருமானத்தை எதிர்பார்க்கும் நகராட்சியோடு மோத வேண்டும். சங்கிலிக் கடை மேனேஜரோ தலைமையகத்தைக் கேட்காமல் சந்தா கட்ட முடியாது. பெரும்பாலும் ஊழியர் எண்ணிக்கையை வைத்துச் சந்தா போடுவதால், அதிகம் கட்டுகிறவர் குரல்தான் செயற்குழுவில் ஓங்கும். நகராட்சியிடம் பணம் வாங்கும் சேம்பர் அதே நகராட்சியை எதிர்த்துப் பேசத் தயங்கும். என் கணக்கில் இதுதான் பெரிய நோய். ரிப்பன் வெட்டும் விழாக்கள் மட்டும் தடையில்லாமல் நடக்கும்!

கணக்கு வழக்கைக் கவனமாகப் படியுங்கள். வரிச் சட்டத்தில் சேம்பருக்கு வருமான வரிவிலக்கு தருவது 501(சி)(6) என்ற பிரிவு. தொழில் முழுவதற்கும் பொதுவான நன்மைக்கு உழைக்க வேண்டும். லாபத்தை யாரும் பங்கு போடக்கூடாது. உறுப்பினர் சந்தாவைத் தர்மமாகக் காட்ட முடியாது, தொழில் செலவாகக் காட்டலாம். ஆனால் சந்தாவில் சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டச் செலவான பங்கை அப்படிக் காட்டக்கூடாது. வரி இல்லையென்றாலும் ஆண்டுதோறும் வரித் துறைக்கு 990 வகைக் கணக்குப் படிவம் கொடுத்தாக வேண்டும்: நிதியாண்டு முடிந்த ஐந்தாம் மாதம் 15ஆம் தேதிக்குள். வழக்கமான மொத்த வரவு 50,000 டாலருக்குள் இருந்தால் இணையத்தில் சுருக்கமான அறிவிப்பு போதும். தன்னார்வப் பொருளாளர் மாறும்போது இது விட்டுப்போகும். தொடர்ந்து மூன்று ஆண்டு கொடுக்காவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்து. திரும்பப் பெறப் புதிதாக விண்ணப்பித்துக் கட்டணமும் கட்ட வேண்டும்.

உங்கள் சங்க விதிகளின் நகல் ஒன்று அனுப்புங்கள், ஒப்பிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி