பஸ் நிலையத்தருகே செருப்புத் தைக்கும் ஐயாவுக்கு

38 வருடமாக நோர்வேயில் ஆடுகிறேன். அங்கே நான் அதிகம் மேடையேற்றியது குறவஞ்சி நாட்டிய நாடகம்தான். 1944இல் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி, சென்னையில் தாம் தொடங்கிய கலாக்ஷேத்திரா நடனப் பள்ளியில் குற்றாலக் குறவஞ்சியை அமைத்த அந்த வழி. தமிழ் தெரியாதவர்கள்கூட, குறத்தி சிங்கி, நாயகி வசந்தவல்லியின் கையைப் பிடித்துக் குறி சொல்லும் இடத்தில் அசையாமல் இருந்து பார்ப்பார்கள்.

அதைப் பிறந்த ஊரில் ஆட யாழ்ப்பாணம் வந்தால், முதல் நாள் மாலை வலக்கால் சலங்கையின் தோல் கிழிந்துவிட்டது. சிங்கியின் நடையே சலங்கைப் பேச்சுத்தானே! எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஐயா, நீங்கள் சாமான்களைக் கட்டிவிட்டீர்கள். "நாளைக்கு ஆட்டமோ பிள்ளை? இருங்கோ" என்று சாக்கை மறுபடி விரித்தீர்கள். கிழிசலைத் தைத்தால் போதும் என்றுதான் கேட்டேன். நீங்களோ ஒவ்வொரு மணியையும் காதருகே ஆட்டிப் பார்த்தீர்கள். ஓசை அடைத்திருந்த மூன்றைக் கழற்றி, ஊசி முனையால் அழுக்கெடுத்து, மெழுகிட்ட நூலால் திரும்பக் கோத்தீர்கள். சொல்லாமலே இடக்கால் சலங்கையையும் வாங்கினீர்கள். காலை அறுக்காமலிருக்க உள்ளே பழந்துணி வைத்துத் தைத்தீர்கள். நன்றாக இருட்டிவிட்டது. கிழிசல் தைத்த கூலிக்கு மேல் ஒரு சதமும் வாங்கவில்லை.

மறுநாள் ஒரு மணிகூட உதிரவில்லை, ஐயா. அப்புறம் இரண்டு தரம் தேடி வந்தேன், உங்கள் இடம் வெறுமையாக இருந்தது. பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்று மனம் அடித்துக்கொள்கிறது. இந்த ஐயாவைக் காண்பவர்கள் தயவுசெய்து இதை வாசித்துக் காட்டுங்கோ. நல்லூர்த் திருவிழாவுக்கு வருவேன் ஐயா, சலங்கையோடு முதலில் உங்களிடம்தான்.