பூனைக்குட்டியை மில் பக்கம் விட வேண்டாம்

வின்னிபெக்,
தை 25

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ, அப்பா, அக்கா, பிள்ளைகள் எல்லாரும் நலமா? பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் நீ மடித்து வைத்திருந்த கடிதத்தை, பொடி பாதி தீர்ந்த பிறகுதான் பார்த்தேன். தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை என்று நீ கேட்டது நியாயம். போனில் பேசினாலும் பாதி நேரம் "கேட்குதா, கேட்குதா" என்றே போய்விடுகிறது. இனி மாதம் ஒன்று கட்டாயம் எழுதுகிறேன்.

முதலில் பூனைக்குட்டி. அக்கா கொண்டுவந்த குட்டியை நம் நாய் மணி துரத்துகிறான், அப்பா அதை ரைஸ் மில் பக்கம் விட்டுவிட்டு வரப்போகிறார் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் அம்மா. இரண்டு மாதக் குட்டி மில்லில் ஒரு ராத்திரி தாங்காது. நான் இருக்கும் வீட்டில் இரண்டு நாய், மூன்று பூனை. ஒரே சோபாவில் ஐந்தும் தூங்குகின்றன. அது அன்பினால் தானாக வந்ததில்லை, வீட்டுக்காரம்மா இடத்தையும் சாப்பாட்டையும் பிரித்து வைத்திருப்பதால் வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன். அக்காவை உரக்க வாசிக்கச் சொல், அப்பாவும் கேட்கட்டும்.

அப்பா குட்டியைப் பிடரியில் தூக்கி மணி மூக்குக்கு நேரே காட்டினார் என்றாயே, அதுதான் முதல் தப்பு. குட்டிக்கு ஓட வழியில்லை, அதனால் பிறாண்டியது. மணிக்குப் பூனை என்றாலே வலி என்று பதிந்துவிட்டது. அதற்காக மணியை அடித்தது இரண்டாவது தப்பு. இனி குட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அடி விழும் என்று அவன் இன்னும் முறைப்பான்.

குட்டியை நெல் குலுக்கை இருக்கும் உள் அறையில் ஒரு வாரமாவது வை. கதவு சாத்தியே இருக்கட்டும், இரண்டும் முகம் பார்க்கக் கூடாது. பழைய வேட்டித் துண்டைக் குட்டியின் கன்னத்தில் தேய்த்து மணியின் சோற்றுத் தட்டுக்கு அடியில் போடு. மணி படுக்கும் சாக்கிலிருந்து ஒரு துண்டைக் குட்டியிடம் போடு. நாய்க்கும் பூனைக்கும் முதல் அறிமுகம் மூக்கு வழியாகத்தான். அப்புறம் கதவுக்கு இந்தப் பக்கம் மணிக்கு, அந்தப் பக்கம் குட்டிக்கு, ஒரே நேரத்தில் சாப்பாடு. முதல் நாள் ஆறடி தள்ளி வைத்து, தினம் ஒரு சாண் கதவை நோக்கி நகர்த்து. ஏதாவது ஒன்று சாப்பிடாமல் நின்றுவிட்டால் மறுபடி பின்னால் தள்ளி வை.

இரண்டும் கதவை ஒட்டி நிம்மதியாகச் சாப்பிட்ட பிறகுதான் நேரில் பார்ப்பது. அன்றைக்கு மணியை முதலில் கண்மாய்க் கரை வரை நடத்திக் களைக்க வைத்து, கயிற்றில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் மட்டும். குட்டி ஏறிக்கொள்ள உயரமான இடம் வேண்டும், ஸ்டூலோ அலமாரித் தட்டோ போதும். மணி வாயை மூடி, உடம்பை விறைத்து, கண்கொட்டாமல் பார்த்தால் உடனே வெளியே கூட்டிப் போய்விடு. அவன் பார்வையைத் திருப்பினால் அந்த நொடியில் ஒரு பிஸ்கட். வாலை மட்டும் நம்பாதே. நாய் வாலாட்டினால் சந்தோஷம் என்கிறோம், பூனை வாலை விசுக்கினால் கோபம். ஒன்றை ஒன்று தப்பாகப் புரிந்துகொள்வதே அதனால்தான். மூன்று நான்கு வாரம் ஆகும், மணியின் வயதுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். அதுவரை ஆள் இல்லாமல் இரண்டையும் ஒரே அறையில் விடாதே.

சாப்பாட்டில் கவனம். மணியின் மோர்ச்சோறு பூனைக்குப் போதாது. பூனைக்குக் கறியில் இருக்கும் டாரின் என்ற சத்து வேண்டும், அது குறைந்தால் கண்ணும் இருதயமும் கெடும். சாளை மீன் வந்தால் வேகவைத்து முள் எடுத்துக் கொடு, கோழி வாங்கும் நாளில் இதயத்தையும் கொஞ்சம் ஈரலையும் சேர்த்து வேகவைத்துக் கொடு. பசும்பால் வேண்டாம், நிறையப் பூனைகளுக்கு வயிற்றைக் கலக்கும். நாய்க்கும் பூனைக்கும் வெங்காயம், பூண்டு ஆகாது, இரத்தத்தைக் கெடுக்கும். சாம்பார் ஊற்றிப் பிசைந்த மிச்சத்தை வைக்காதே. பிள்ளைகளின் காய்ச்சல் மாத்திரையில் ஒரு துண்டு போதும், பூனை செத்துப்போகும். மணிக்குப் பூசும் உண்ணி மருந்தையும் பூனைக்குப் பூசவே கூடாது. அவனுக்குப் பூசிய பிறகும் காயும்வரை குட்டியை அண்ட விடாதே.

இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தாய். வெளியே மைனஸ் 30. மூக்கு முடி உறைந்து குத்துகிறது. ராத்திரி கார் எஞ்சினுக்குக் கரண்ட் சொருகி வைக்கிறார்கள், இல்லாவிட்டால் காலையில் கிளம்பாது. வீட்டுக்காரம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனதால் நாய்களை நான்தான் வெளியே விடுகிறேன். அவராகவே வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். வேலை நேரமும் இப்போது சௌகரியமாக இருக்கிறது, மத்தியானமே வந்துவிடுகிறேன்.

கருப்பு லேப்ரடாருக்கு 32 கிலோ, பனியில் குஷியாகப் புரளும். சின்ன பீகிளுக்குக் கோட்டும் காலுறையும் மாட்டினால்தான் ஐந்து நிமிஷம் நிற்கும். அது காலை மாற்றி மாற்றித் தூக்கினால் உடனே உள்ளே தூக்கி வந்துவிட வேண்டும். வாசல்களில் பனி உருக உப்பு தூவுகிறார்கள். அது விரலிடுக்கில் அரிக்கும், நக்கினால் வாந்தி வரும். அதனால் கதவருகிலேயே ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துண்டு. எட்டுக் காலையும் கழுவி, இடுக்கு இடுக்காகத் துடைத்த பிறகுதான் உள்ளே. காருக்கு ஊற்றும் உறையாத் திரவம் தரையில் ஒழுகியிருந்தால் இன்னும் ஆபத்து. இனிப்பாக இருக்கும், கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறது என்றால், பூனை மூக்கைத் தொட்டால் பொறி தெறிக்கிறது. ரோமம் அடைத்துக்கொள்வதால் ஹீட்டர் ஃபில்டரை மாதா மாதம் மாற்ற வேண்டும்.

மூன்று பூனைக்கு நான்கு மணல் பெட்டி, எப்போதும் பூனையை விட ஒன்று கூடுதல். மூன்று அங்குலம் மணல், காலையும் மாலையும் அள்ள வேண்டும். ஒருநாள் விட்டாலும் கிழட்டு வெள்ளைப்பூனை கட்டிலுக்கடியில் போய்விடும். பெட்டிகள் நிலவறையில் இருக்கின்றன. அங்கே போகும் வழியில் ஒரு கம்பித் தட்டியைத் தரையிலிருந்து ஆறு அங்குலம் தூக்கிக் கட்டியிருக்கிறோம். பூனை அடியில் நுழைந்து போகும், நாய் போக முடியாது. தட்டி இல்லாவிட்டால் பீகிள் போய் அதையெல்லாம் தின்றுவிடும். பூனைச் சாப்பாட்டின் கறி வாசம் அதில் இருக்கிறதல்லவா. நீ பிளாஸ்டிக் தாம்பாளத்தில் சலித்த ஆற்றுமணல் போட்டாலே போதும், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வை.

வீட்டுக்காரம்மா நாய்களிடம் உக்ரைன் மொழியில்தான் பேசுவார், பூனைகளிடம் இங்கிலீஷில். ஏன் என்று கேட்டேன். நாய்க்குத் தன் பாட்டியின் பாஷைதான் புரியும் என்றார். ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு வைத்து, நம்ம கொழுக்கட்டை மாதிரி பெரோகி செய்து, எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைப்பார். மேலே வதக்கிய வெங்காயம் இருப்பதால், நாய்கள் மேஜைப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லையே என்று நீ கவலைப்படாதே.

போன வாரம் லேப்ரடாருக்கு வயிற்றுப்போக்கு. குழைய வடித்த சோறு இரண்டு பங்கு, வேகவைத்த கோழி ஒரு பங்கு, உப்பு காரம் எதுவும் இல்லாமல், நாலு வேளையாக இரண்டு நாள் கொடுக்கச் சொன்னார்கள். நான் இங்கே குக்கரில்தான் வைப்பேன், அன்றைக்குத்தான் பானையில் வைத்துக் கஞ்சி வடித்தேன். அந்த ஆவி முகத்தில் அடித்ததும் நம் அடுப்படியில் நிற்பது போலவே இருந்தது. நீ கஞ்சி வடிக்கும்போது மணி நிலைப்படியில் தாடையை வைத்துக் கிடப்பானே. திரும்பிப் பார்த்தேன். லேப்ரடார் அப்படியேதான் கிடந்தது. கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை அம்மா. ராத்திரி கடைசி உருண்டையை இப்போது மணிக்கு யார் வைக்கிறீர்கள்? நான் போட்ட அந்த அலுமினியத் தட்டுதானா?

இனி சித்தப்பா விஷயம். பாகப்பிரிவினைக்கு அப்பா அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். மேட்டுக்காடு யாருக்கு, கீழ்க்காடு யாருக்கு என்று மட்டும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கிணற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. கிணற்றில் நமக்கு மூன்றில் ஒரு பங்கு, எந்தக் கிழமை யார் முறை, மோட்டாரின் மின் இணைப்பு யார் பேரில், வண்டிப்பாதை எத்தனை அடி, இவ்வளவும் பத்திரத்தில் வார்த்தையாக வர வேண்டும். வாய்ப்பேச்சு சித்தப்பா காலத்தோடு போய்விடும். எழுதும் முன் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். என் கையெழுத்துக்குப் பதிலாக அக்கா பேரில் பவர் எழுதி, இங்கே அத்தாட்சி வாங்கித் தபாலில் அனுப்புகிறேன். அது அங்கே வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், கவரில் தேதியோடு வைத்திரு. கடைக்கார மாமாவைக் கூட வைத்துக்கொண்டு பேசச் சொல், அவர் பேச்சுக்குச் சித்தப்பா கட்டுப்படுவார்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் இனியும் தள்ளிப்போக வேண்டாம். இந்த மாதப் பணம் மட்டும் பிப்ரவரி பதினைந்தாம் தேதிக்கு மேல் வரும், அதற்குள் யாரிடமும் கேட்காதே.

மணிக்கும் குட்டிக்கும் வெறிநோய் ஊசி போட அக்காவை அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போகச் சொல், குட்டிக்கு மூன்று மாதம் முடிந்ததும் போடலாம். பிள்ளைகளை எது பிறாண்டினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மேலவீட்டுப் பெரியம்மா சொல்கிறாற்போல மிளகாய்த்தூள் வைக்கக் கூடாது.

உன் மகன்

குட்டி ஆணா பெண்ணா என்று எழுதவில்லையே. பெண் என்றால் ஐந்து மாதம் ஆகும் முன்பே கருத்தடைக்குக் கேட்டு வையுங்கள். ஆண் என்றால், வளர்ந்த பிறகு மூத்திரம் போக முக்கி முக்கி உட்கார்ந்து ஒரு சொட்டும் வரவில்லையானால் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போக வேண்டும், மறுநாள் வரை வைத்திருக்கக் கூடாது.