படகு இன்ஜினுக்கு எந்தக் கார்புரேட்டர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கரைகளில் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்பவர்களில் பலர், அவுட்போர்டு இன்ஜினில் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) எரிபொருளைக் காற்றுடன் கலந்து தரும் கார்புரேட்டர் பழுதானால், போல்ட் துளை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து, விலை குறைவான ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். விசைப்படகுகளின் டீசல் இன்ஜினில் கார்புரேட்டரே கிடையாது என்பதால், இந்தச் சிக்கல் முழுக்கச் சிறு படகுக்காரர்களுடையது.

முதலில் பார்க்க வேண்டியது எரிபொருள். மண்ணெண்ணெய் இன்ஜினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். ஏனெனில் அது குளிர்ந்த இன்ஜினில் எளிதில் ஆவியாகாது. மண்ணெண்ணெய்க்கான மெயின் ஜெட்டின் (எரிபொருளை அளந்து விடும் சிறு துளையுள்ள பாகம்) துளை அளவும் பெட்ரோல் மாடலின் அளவும் ஒன்றல்ல. துளை சிறுத்தால், மீன் பாரத்துடன் முழு வேகத்தில் கரை திரும்பும்போது எரிபொருள் போதாமல் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரை மட்டும் மாற்றிப் பெட்ரோல் இன்ஜினை மண்ணெண்ணெயில் ஓட்டலாம் என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். பெட்ரோல் இன்ஜினின் அழுத்த விகிதம் மண்ணெண்ணெய்க்கு அதிகம், எரிபொருள் நேரம் தப்பி வெடித்து இன்ஜின் தட்டத் தொடங்கிவிடும்.

இருசக்கர வாகனத்தின் கார்புரேட்டரைப் பொருத்துவது இதைவிடக் கவலைக்குரியது. மேலே உள்ள டேங்கிலிருந்து தானாக இறங்கும் பெட்ரோலுக்கென அதன் கிண்ணத்தில் எரிபொருள் மட்டத்தைக் காக்கும் ஊசி வால்வும் மிதவையும் அமைந்தவை. படகிலோ டேங்க் கீழே இருக்கிறது, எரிபொருளைப் பம்ப் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் ஊசி வால்வு சரியாக மூடாவிட்டால் கிண்ணம் நிரம்பி, பெட்ரோல் இன்ஜின் மூடிக்குள் வழியும். அங்கே ஒரு பொறி போதும்.

உப்புக்காற்றின் வேலையும் உண்டு. மலிவான கார்புரேட்டரின் கிண்ணத்தைச் சில மாதம் கழித்துக் கழற்றிப் பாருங்கள்: ஜெட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பும், அடியில் வெண்பொடியும் படிந்திருக்கும். அடைப்பைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி அளவே போய்விடும். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால், ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கும். அந்த அடிநீரில், மசகுக்காகப் பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயில் இருப்பதில்லை. டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் அதை இழுத்தால் பிஸ்டனுக்கு மசகே இல்லை. எனவே எத்தனாலைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் உள்ளதா என்று கேட்டே வாங்க வேண்டும். பல நாள் தொழிலுக்குப் போகாவிட்டால் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும்.

எண்ணூர் முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தில் இன்ஜின் நின்றால் படகு கவிழும் அபாயம் உண்டு என்பதைக் கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மானியத்தில் இன்ஜின் பெற உதவும் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, ஒவ்வொரு மாடலுக்கும் உரிய கார்புரேட்டரின் பாக எண்ணையும் ஜெட் அளவையும் தமிழில் அச்சிட்டு இன்ஜினுடனேயே தர வேண்டும். அசல் ஜெட், ஊசி வால்வு, வளையங்கள் ஆகியவை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிலேயே கிடைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படகு இன்ஜின் பழுதுபார்ப்பவர்,
காசிமேடு, சென்னை