எந்த வேளைக்கு எந்தக் கடை: மாப்ளைக்கு ஒரு கடிதம்

மாப்ள,

நல்லாருக்கியா, தங்கச்சி எப்புடி இருக்கு, முட்டிவலி தேவலையா. உன் லெட்டர் வந்து பத்து நாளைக்கு மேல ஆச்சு, உடனே எழுதணும்னு உக்காருவேன் ஏதாவது ஒரு வேல வந்துரும். முதல்ல நல்ல சேதி சொல்லிடுறேன், மக சென்னைல பிரசவமாகி பையன் பொறந்துருக்கான், தாயும் புள்ளையும் சொகமா இருக்காங்க. உன் தங்கச்சி மூணு மாசமா அங்கதான், இன்னும் ரெண்டு மாசமாவது ஆகும்னு சொல்லிருச்சு. நான் இங்க ஒத்தையா கெடக்கேன், காலைல காப்பி மட்டும் நானே போட்டுக்குவேன், மத்த மூணு வேளையும் வெளிலதான்.

நீ கேட்டுருந்தேல்ல, சித்திரைக்கு மகனையும் குஜராத்தி மருமகளையும் கூட்டிட்டு வர்றோம், அந்தப் புள்ள சுத்த சைவம், மதுரைல இப்ப எங்கடா சாப்டுறது எல்லாம் மாறிப்போச்சாமேன்னு. கரெக்டான ஆள்ட்டதான் கேட்டுருக்க. இந்த மூணு மாசத்துல நான் சாப்ட்ட மாதிரி கல்யாணமான இந்த முப்பது வருசத்துல சாப்ட்டது கெடையாது. நெறைய கட மாறிருச்சு, ஆனா மாறாததும் இருக்கு. எனக்கு ஒன்னு நல்லாப் புரிஞ்சு போச்சு மாப்ள, நம்ம ஊர்ல ருசிக்கு ஒரு நேரம் இருக்கு. ஒரு பலகாரத்த ஒரு வேளைக்குப் போட்டு தீந்துபோச்சுன்னா பாத்திரத்தக் கவுத்து வச்சுட்டுப் போறான் பாரு, அவன் கடைலதான் நாக்குக்கு வேல. காலைல ஏழுலருந்து ராத்திரி பன்னெண்டு வரைக்கும் எல்லாம் இருக்குன்னு சொல்ற எடத்துல உருப்படியா ஒன்னும் இருக்காது.

இத நான் சும்மா சொல்லல. போன மாசம் சம்மந்தி வீட்ல இருந்து ஒரு அஞ்சு பேரு கோயிலுக்கு வந்தாங்க, வீட்ல சமைக்க ஆளில்ல, சரி நல்ல எடமாப் பாப்போம்னு பைபாஸ் பக்கம் ஏசி போட்ட பெரிய ரெஸ்டாரண்ட் ஒன்னுக்குக் கூட்டிட்டுப் போனேன், பேரு வேண்டாம். மெனு கார்டு கெடையாது, டேபிள்ல ஒட்டிருக்கிற க்யூஆர போன்ல ஸ்கேன் பண்ணிப் பாக்கணுமாம், சம்மந்தியோட அம்மாவுக்கு எழுவத்தஞ்சு வயசு, அவங்க பாவம் கண்ணாடியக் கழட்டிக் கழட்டி மாட்டிப் பாக்குறாங்க. மத்தியானம் ஒரு மணிக்கு கறி தோசை இருக்குன்னு அதுல போட்டுருந்துச்சு, எனக்கு அப்பவே மனசுக்குள்ள தட்டுச்சு. நாப்பது நிமிசம் கழிச்சு வந்துச்சு, ஊத்தி வச்ச தோசை மேல சூடு பண்ணுன கிரேவியத் தடவி நாலாக் கீறி கொத்தமல்லி தூவிக் கொண்டாந்து வச்சாய்ங்க. கல்லுல கறி பட்டாத்தானப்பா அது கறி தோசை. சாம்பார்ல இனிப்பு. சோத்துக்கு ரெண்டாவது தடவ ரசம் கேட்டா அதுக்குத் தனியா காசாம். பில்லப் பாத்தா அஞ்சு பர்சென்ட் ஜிஎஸ்டிக்கு மேல சர்வீஸ் சார்ஜ்னு இன்னொன்னு சேத்துருந்தாய்ங்க. இது உனக்கும் உபயோகப்படும் மாப்ள, சர்வீஸ் சார்ஜ் தானாப் போடக்கூடாது, குடுக்குறது நம்ம இஷ்டம்னு 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிருச்சு, ஓட்டல்காரங்க கேஸ் போட்டு 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அதத்தான் சொன்னுச்சு. நான் மேனேஜரக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு எடுத்தாரு. காசு போனதுகூட பெருசில்ல, வெளியூர்லருந்து வந்தவங்களுக்கு மதுரைச் சாப்பாடுன்னு இதப் போட்டுட்டோமேன்னு ரெண்டு நாளு மனசு ஆறல.

அன்னைக்கு சாயந்தரமே அவங்கள சிம்மக்கல் கோனார் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஞாபகம் இருக்கா, அமெரிக்கன் காலேஜ்லருந்து ஏ.வி. பாலத்துல நடந்தே போவமே, ஒரு கறி தோசைய நாலு பேரு பிச்சுத் திம்போமே. அந்தத் தோசை இப்பவும் அதே மாதிரிதான், அடில தடியா தோசை, அதுமேல முட்டைய ஊத்தி, அது வேகுறதுக்குள்ள கறியப் பரப்பி, நல்லா அமுத்தி, திருப்பிப் போட்டு கறி பக்கம் கல்லுல முறுகுற வரைக்கும் விடுறாங்க, அந்த நேரத்துல ஒரு வாசன வரும் பாரு, ரோட்டுல போறவனும் நின்னுருவான். சம்மந்தி ரெண்டாவது தோசை சொன்னாரு. எனக்கு அப்பத்தான் உசுரு வந்துச்சு.

மருமகளுக்கு இது ஆகாது, தெரியும். அந்தப் புள்ளைக்கு என்னன்னு யோசிச்சு யோசிச்சு ஒரு வரிசையே வச்சுருக்கேன், இரு சொல்றேன்.

காலைல மேலமாசி வீதி முருகன் இட்லி கடைக்குப் போகலாம், எலையப் போட்டு நாலு சட்னி வைப்பாய்ங்க, வெங்காய ஊத்தப்பம் நல்லாருக்கும், புதுசா வர்றவங்களுக்கு சௌரியம், சுத்தமா இருக்கும். ஆனா எனக்கு இப்ப தெனம் காலைச் சாப்பாடு நம்ம தெரு முனைல ஒரு அக்கா போடுற இட்லிதான். போர்டு கெடையாது. ஈரத்துணி விரிச்சு அதுல மாவ ஊத்தி வேக வச்சு, தட்டக் கவுத்து துணி மேல தண்ணியத் தெளிச்சு பைய உரிப்பாங்க, இட்லி ஒவ்வொன்னும் துணியோட வரி பதிஞ்சு ஆவியோட எலைல வந்து விழுகும். அதுக்கு தண்ணிச் சட்னி, பேருதான் தண்ணி, பச்சமொளகாவும் பொரிகடலையும் அரச்சு தாளிச்சு ஊத்துனது, இட்லி அதுல மெதக்கணும். ஒன்பது மணிக்கு மாவுச் சட்டியக் கழுவிக் கவுத்துருவாங்க. ஒருநா ஒன்பதேகாலுக்குப் போனேன், இருந்த ரெண்டு இட்லிய அவங்க சாப்டுறதுக்கு எடுத்து வச்சுருந்தாங்க போல, அத எடுத்து என் எலைல வச்சுட்டாங்க. நான் வேண்டாம் வேண்டாம்கிறேன், வெறும் வயித்தோட போகக்கூடாதுண்ணேன்னு சொல்லிட்டு சட்னிய ஊத்திட்டாங்க. உன் தங்கச்சிக்கு போன் பண்ணி இதச் சொல்லும்போது எனக்குத் தொண்ட அடச்சுக்கிருச்சு.

மத்தியானத்துக்கு மேல கோயில் பக்கத்துல கோபு ஐயங்கார் கடை. வெள்ளையப்பம். உளுந்தும் அரிசியும் அரச்சு எண்ணெய்ல போட்டு எடுக்குறது, வெளிய மொறுமொறுன்னு உள்ள பஞ்சு, கார சட்னி தொட்டுக்கிட்டா கண்ணுல தண்ணி வரும். மருமகளுக்கு சட்னிய கொஞ்சமா வைக்கச் சொல்லு.

அப்புறம் திருமலை நாயக்கர் மஹால் பக்கம் ஒரு நட. இது நான் ரொம்ப ஆசையா யோசிச்சு வச்சது மாப்ள. அங்குட்டு முழுக்க சௌராஷ்டிரா ஜனங்கதான, நாயக்கர் காலத்துல பட்டு நெய்ய வந்தவங்கன்னு சொல்லுவாங்கல்ல, அவங்க பேச்சுல குஜராத்தி சாயல் இன்னும் இருக்கு. உன் மருமக அந்தத் தெருவுல நின்னு ரெண்டு ஆயா பேசுறதக் கேட்டா சில வார்த்த அதுக்குப் புரியும், பாரேன். சாயந்தரமானா அங்க முள்ளு முருங்கை வடை போடுவாங்க, முள்ளு முருங்கை எலைய அரிசியோட அரச்சு தட்டிப் போட்டு எடுப்பாங்க, பச்சக் கலர்ல உப்பிக்கிட்டு வரும், மேல இட்லிப்பொடி மாதிரி காரப்பொடியத் தூவித் தருவாங்க. சளிக்கு நல்லதுன்னு சின்னப் புள்ளைகளுக்கு வாங்கிக் குடுப்பாங்க. வாணலியப் பாத்துட்டு வாங்கு, எண்ணெய் கறுத்து நொர கட்டிக்கிட்டு நின்னா அந்தக் கட வேண்டாம், அடுத்த கடைக்கு நகந்துரு, நான் எங்க போனாலும் மொதல்ல வாணலியத்தான் பாப்பேன்.

வெளக்குத்தூண்ல ஜிகர்தண்டா சொல்லவே வேண்டாம். 1977லருந்து இருக்குற கடை, பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டுன பாலு, ஐஸ்கிரீம். நம்ம அந்தப் பேருக்கு அர்த்தம் தெரியாமயே இத்தன வருசம் குடிச்சோம், இந்தி தெரிஞ்ச புள்ள பேரக் கேட்ட ஒடனே சொல்லிரும் ஜிகர்னா ஈரல், தண்டான்னா குளுமைன்னு. இப்ப ஊர் பூரா இந்தப் பேர்ல வண்டி நிக்குது, சிலதுல நெறத்தத் தவிர ஒன்னும் இல்ல.

ஜிகர்தண்டாவ விட எனக்கு பருத்திப்பாலுதான் புடிக்கும். பருத்திக் கொட்டைய ராத்திரி ஊறப்போட்டு ஆட்டிப் பாலெடுத்து, வெல்லம் சுக்கு ஏலக்கா போட்டுக் காச்சி, தேங்காத் துருவல் மெதக்க தள்ளுவண்டில குடுப்பாய்ங்களே, எங்க அப்பா சம்பள நாள்ல தூக்குவாளில வாங்கிட்டு வருவாரு. அந்த வண்டிக இப்ப கொறஞ்சுக்கிட்டே வருது, அதுதான் எனக்கு வருத்தம். ஒருநா ஒரு வண்டிக்காரர்ட்ட கேட்டேன், மகன் வருவானான்னு, அவன் கம்பெனி வேலைக்குப் போய்ட்டான் சார்னாரு, சந்தோசமாத்தான் சொன்னாரு. புள்ள நல்லாருக்கட்டும், ஆனா அந்தக் கைப்பக்குவம்?

இன்னொன்னு எழுதணும். நம்ம செட்டு போற பரோட்டா கடைல மாஸ்டர் வேலைய விட்டுட்டாரு, தோள்பட்ட போயிருச்சாம், முப்பது வருசம் மாவு அடிச்ச கை. இப்ப கல்லுல நிக்கிறது ஒரு பீகார் பையன், இருவத்தி ரெண்டு இருவத்தி மூணு வயசிருக்கும். நம்மாளுக சில பேரு மூஞ்சியச் சுழிக்கிறாய்ங்க, ருசி போச்சு ருசி போச்சுன்னு. எனக்குக் கோவம் வருது மாப்ள. அந்தப் பையன் மாவ உருண்டை புடிச்சு எண்ணெய்ல ஊற வைக்கிறதுலருந்து வீசுறது, சுருட்டுறது, சூட்டோட அடுக்கி ரெண்டு பக்கமும் கையால தட்டி லேயர ஒடைக்கிறது வரைக்கும் மாஸ்டர் சொல்லிக்குடுத்தது அப்படியே வருது. அண்ணே சால்னா ஊத்தவான்னு நம்ம பேச்சுலயே கேக்குறான். ஊரு விட்டு ஊரு வந்து நம்ம தொழிலக் கத்துக்கிட்டவனுக்கு ஒரு நல்ல வார்த்த சொல்லணும்ல. நீயும் அகமதாபாத்துக்குப் போய் இறங்குனப்ப உனக்கு யாராவது ஒரு நல்ல வார்த்த சொல்லிருப்பாய்ங்கல்ல. பன் பரோட்டாவும் இப்ப ஊர்ல ரொம்ப பேமஸ், மாவத் தட்டையா அமுக்காம பன்னு மாதிரி எண்ணெய்லயே வேக விடுறது, சாப்ட்டுப் பாக்கலாம், ஆனா மருமகளுக்கு வாங்குறதா இருந்தா மாவுல முட்ட சேத்துருக்காய்ங்களான்னு கேட்டுட்டு வாங்கு.

நமக்குன்னு ஒரு மத்தியானம் தனியா வேணும். நீயும் நானும் மட்டும். தல்லாகுளம் அம்மா மெஸ்ல அயிரை மீன் கொழம்பு. சின்ன மீனு, சேத்துல கெடக்குறது, உசுரோட வாங்கி தேங்காப்பால்ல விட்டு மண்ணக் கக்க வச்சு, மண்சட்டில கல்லு உப்பு போட்டு ஒரசிக் கழுவுனாத்தான் சாப்ட முடியும், எங்க அம்மா அரைநாளு அதுக்கே உக்காந்துருப்பாங்க. வெல ஜாஸ்திதான். இருந்தாலும் அந்த வேலைக்குக் குடுக்கலாம். அவங்க கொழம்ப ஊத்துனப்ப எங்க அம்மா ஞாபகம் வந்து ஒரு நிமிசம் எலையவே பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன்.

பார்சல் பத்தியும் கேட்டுருந்த. ஆப்ல நான் வாங்குறதில்ல, கறி தோசையும் வெள்ளையப்பமும் டப்பாக்குள்ள போய் மூடுனா பத்து நிமிசத்துல சவசவன்னு ஆயிரும். கடைக்குப் போய் வாங்குனா வீட்லருந்து தூக்கு கொண்டுபோறேன். 2019 ஜனவரிலருந்து பிளாஸ்டிக்குக்குத் தடைன்னுதான் பேரு, இன்னும் கொதிக்கக் கொதிக்க சாம்பார கவர்ல ஊத்தி ரப்பர் பேண்டு போட்டுத்தான் நெறைய எடத்துல தர்றாய்ங்க. பேரன் வேற வந்துட்டான், இனிமே அந்தக் கவரு நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

திருக்கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்து சேந்துரு. சேதுபதி ஸ்கூல்ல கல்யாண விருந்து நடக்கும்ல, மீனாட்சி கல்யாணத்துக்கு ஊரே பந்தில உக்காரும், மொய்யும் எழுதலாம். அத விட நல்ல சைவச் சாப்பாடு உன் மருமகளுக்கு எந்த ஓட்டல்லயும் நான் வாங்கித் தர முடியாது. காலைல இறங்குற மாதிரி டிக்கெட் போடு, நேரா வீட்டுக்கு வந்து பெட்டிய வச்சுட்டு ஒன்பது மணிக்குள்ள நம்ம அக்கா கடைக்குப் போயிரணும், அஞ்சு பேரு வர்றாங்கன்னு நான் முந்தின நாளே சொல்லி வச்சுர்றேன், ரெண்டு ஈடு சேத்து ஊத்தச் சொல்லணும்.

தேதிய சீக்கிரம் எழுது.

உன்
பங்காளி