செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 மே முதல் 2025 ஏப்ரல் வரை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

விக்டோரியா மகாராணியின் வைரவிழா நினைவாக 1897இல் அமைக்கப்பட்ட நுவரெலியா விக்டோரியா பூங்காவிலேயே இவ்வாண்டும் எமது பறவை பார்க்கும் காலை நடைகளில் பெரும்பாலானவை இடம்பெற்றன. நகரின் நடுவே 27 ஏக்கர் அளவேயான அந்நிலத்தில், ஓடைக்கரை மரநிழலில், வலசைப் பறவைகளை இத்தனை அருகில் நின்று பார்க்க முடிவது மலைநாட்டவராகிய நமக்குக் கிடைத்த பெரும் பேறு என்றே நான் கருதுகிறேன்.

ஒக்டோபரில், லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) ஒன்றின் திண்ணையில் களைத்து விழுந்து கிடந்த, வலசைப் பறவையான ஆறுமணிக்குருவியொன்றைப் பாடசாலைப் பிள்ளைகள் எம்மிடம் கொண்டுவந்தனர். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், பகல் முழுதும் தொந்தரவின்றி வைத்திருந்து அந்தியில் விட்டோம்; அது தானாகவே புதருக்குள் பறந்து சென்றது. கடல் கடந்து வந்திறங்கும் நாட்களில் இவை வீடுகளுக்குள்ளும் இவ்வாறு விழுவதுண்டு என்பதால், தோட்டப் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லிக்கொடுப்பது தொடர வேண்டும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களைப் பற்றியே விரிவாகக் கூற விரும்புகிறேன். வடமேற்கு இமயமலைப் பகுதியில் கூடுகட்டி, குளிர்காலத்தை இலங்கை மலைநாட்டிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கழிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும், வாலைப் பக்கவாட்டில் அசைக்கும் கொடிக்கால் வாலாட்டியும், ஆறுமணிக்குருவியும் வடக்கே திரும்புமுன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் காலம் அது. நெடும்பயணத்துக்கு அக்கொழுப்பே எரிபொருள். அதே வாரங்களில்தான் நகரம் வசந்தகாலக் கொண்டாட்டத்துக்கு ஆயத்தமாகிறது; பூப்பாத்திகள் சீராகின்றன, சனக்கூட்டம் பெருகுகிறது. ஆறுமணிக்குருவிக்கு வேண்டிய மண்புழுவும் பூச்சியும் இருப்பதோ உதிர்ந்த இலைகளுக்கு அடியில். ஆகவே ஓடைக்கரை நிழற்பகுதியின் சருகை மட்டுமாவது ஏப்ரல் இறுதிவரை கூட்டாமல் விட்டுவைக்குமாறு எழுத்துமூலம் வேண்டுகோள் விடுக்கச் செயற்குழு தீர்மானித்துள்ளது. பூங்காவின் அழகுக்கு இதனால் குறைவு வராது; பாதையோரங்களை வழக்கம்போல் கூட்டலாம்.

வருத்தத்துடன் பதிவுசெய்ய வேண்டிய விடயமும் ஒன்றுண்டு. மார்ச் நடையொன்றில் எம்மவர் ஒருவர், படம் எடுப்பதற்காகக் கைத்தொலைபேசியில் ஆறுமணிக்குருவியின் குரலை ஒலிக்கவிட்டார். எதிராளி வந்துவிட்டதென எண்ணிய பறவை, இரை தேடுவதை விட்டுவிட்டு நெடுநேரம் கூவிக்கொண்டே அலைந்தது. அன்று அதனைத் தடுக்காதது என் பொறுப்பிலும் நேர்ந்த தவறு. இனி எமது நடைகளில் குரற்பதிவு ஒலிக்கச் செய்வது முற்றாகத் தடைசெய்யப்படுகிறது.

நடை நாட்களின் அவதானிப்புகள் அனைத்தும் குறிப்பேட்டில் திகதி வாரியாக உள்ளன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். விடியற்குளிரையும் பொருட்படுத்தாது கந்தப்பளையிலிருந்தும் நானுஓயாவிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்த அங்கத்தவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

இவ்வறிக்கையைப் பொதுச்சபையின் அங்கீகாரத்துக்காகப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

செயலாளர்