பெரிய குடும்பங்களின் எளிய வெள்ளை ஒயின்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வெள்ளை ஒயின் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். புகழ்பெற்ற ஒயின் குடும்பங்களைப் பற்றி எழுதியது சந்தோஷம்தான், ஆனால் ஒவ்வொரு குடும்பத்திலும் உச்சியில் இருக்கும் பாட்டிலை மட்டும் சொல்லிவிட்டு, நல்ல ஒயின் வேண்டுமென்றால் இந்த விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று முடித்ததை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதே குடும்பங்கள் குறைந்த விலையில் போடும் வெள்ளை ஒயின்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்கப்போவது அவற்றைத்தானே?

பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் 1626 முதல் ஒயின் தொழிலில் இருக்கும் டிரிம்பாக் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுரை கொண்டாடிய அவர்களுடைய உச்ச ஒயின் குளோ செயின்ட் ஊன், இரண்டு ஹெக்டேர்கூட இல்லாத ஒரு சின்னத் தோட்டத்தில் விளைவது, அதனால் அந்த விலை. அவர்களுடைய சாதாரண ரீஸ்லிங்கில் (ரீஸ்லிங் ஒரு வெள்ளைத் திராட்சை, அதன் ஒயினுக்கும் அதே பெயர்) மற்ற விவசாயிகளிடம் வாங்கும் திராட்சையும் சேரும், உண்மைதான். ஆனால் செய்கிற முறை மாறுவதில்லை: இனிப்பை மிச்சம் வைப்பதில்லை, புளிப்பை மழுக்குவதில்லை, புது ஓக் மரத்தின் வாசனையை ஏற்றுவதில்லை. ஒரு வாய் குடித்தால் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், அப்புறம் நாக்கின் இரு ஓரத்திலும் நீர் ஊற வைக்கும் அந்தப் புளிப்பு. குளோ செயின்ட் ஊனின் ஆழம் இதில் வராது, ஆனால் எந்தக் கை செய்தது என்பது தெரிந்துவிடும்.

இது வெள்ளை ஒயினில்தான் இவ்வளவு எளிதாக நடக்கிறது. பெரிய சிவப்பு ஒயின்களின் செலவில் புது ஓக் பீப்பாய்க்கும், அதில் போட்டு வைக்கும் மாதங்களுக்கும் நல்ல பங்கு உண்டு. ரீஸ்லிங் போன்ற வெள்ளை ஒயினுக்கு அந்தச் செலவு வேண்டியதில்லை, ஸ்டீல் தொட்டியில் குளிராக வைத்துப் புளிக்கவிட்டு அடுத்த ஆண்டே பாட்டிலில் அடைத்துவிடலாம். ஆகவே குறைந்த விலை பாட்டிலிலும் அந்தக் குடும்பத்தின் கவனம் பெரிதாகக் குறையாமல் வந்து சேருகிறது.

பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்கின் கிகால் குடும்பமும் அப்படித்தான். 1946இல் ஆம்புயி ஊரில் தொடங்கிய நிறுவனம், சிவப்பு ஒயினுக்குத்தான் உலகப் பெயர். அவர்கள் செய்யும் கோந்த்ரியு என்ற வெள்ளை ஒயின் முழுக்க வியோனியே என்ற திராட்சை, விலையும் அதற்கேற்ப. ஆனால் கோட் டு ரோன் என்ற அவர்களுடைய எளிய வெள்ளை ஒயினிலும் பாதிக்கு மேல் வியோனியேதான், அந்த ஆப்ரிகாட் வாசனை கிளாஸை மூக்கருகே கொண்டுபோகும்போதே வந்துவிடும். பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் மெர்சோ ஊரின் லாஃபோன் குடும்பம் 1999இல் தெற்கே மாக்கோனே பகுதியில் தோட்டம் வாங்கியது. அங்கே விளையும் வெள்ளை ஒயினை மலிவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதே குடும்பத்தின் மெர்சோ ஒயினோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட நல்ல பேரம் ஆஸ்திரேலியாவின் தாபில்க் தோட்டம் மார்சான் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்யும் ஒயின். விக்டோரியா மாநிலத்தில் 1860இல் தொடங்கிய அந்தத் தோட்டம், 1925 முதல் பர்ப்ரிக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. அங்கே 1927இல் நட்ட மார்சான் கொடிகள் இன்னும் காய்க்கின்றன, அவற்றின் ஒயின் தனி பாட்டிலாக, தனி விலையில் வருகிறது. அதை விடுங்கள். வழக்கமான மார்சானை வாங்கி உடனே திறந்தால் எலுமிச்சையும் லேசான பூ வாசமுமாகச் சாதாரணமாகத்தான் இருக்கும், இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். அதையே வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் ஏழெட்டு வருடம் படுக்க வையுங்கள். நிறம் பொன்னாகி, தேனும் வறுத்த ரொட்டியும் கலந்த மணம் வரும், புளிப்பு மட்டும் அப்படியே நிற்கும். இந்த விலையில் இப்படி முதிர்கிற வெள்ளை ஒயின் மிகக் குறைவு. மார்சான் என்ற பெயருக்கு மவுசு இல்லை, அதனால்தான் விலையும் ஏறவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்திருக்கலாம். லேபிளில் குடும்பப் பெயர் இருப்பதாலேயே குடும்பம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தமில்லை. கலிபோர்னியாவின் ராபர்ட் மொண்டாவி ஒயின் நிறுவனம் 2004இல் கான்ஸ்டலேஷன் என்ற பெரிய மதுபான நிறுவனத்தின் கைக்குப் போனது, பெயர் அப்படியே தொடர்கிறது. ஒயின் கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை, பெயரை நம்பி வாங்குகிறவர் யார் நடத்துகிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம், பாட்டில் அடியில் கண்ணாடித்தூள் மாதிரி படிகம் தெரிந்தால் பயந்து கொட்டிவிட வேண்டாம். அது திராட்சையின் டார்டாரிக் அமிலத்தின் உப்பு குளிரில் படிகமானது, ஒன்றும் செய்யாது.

அடுத்த முறை ஒயின் பட்டியல் போடும்போது ஒவ்வொன்றுக்கும் அறுவடை ஆண்டையும் ஆல்கஹால் அளவையும் தயவுசெய்து போடுங்கள். கிகாலின் அந்த வெள்ளையை இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்தால்தான் மணம் இருக்கும், ஆகவே ஆண்டு முக்கியம். ரீஸ்லிங்குக்கு ஆல்கஹால் முக்கியம்: ஜெர்மனியின் மோசல் பகுதியின் லோசென் குடும்பம் போடும் டாக்டர் எல் ரீஸ்லிங் மாதிரி எட்டு, எட்டரை சதவீதம் என்றிருந்தால் இனிப்பு நிற்கும், பன்னிரண்டைத் தாண்டினால் பெரும்பாலும் இனிப்பு இருக்காது. இனிப்பு பிடிக்காதவர் இந்த ஓர் எண்ணைப் பார்த்தே பாட்டிலைத் திரும்ப வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்